இடது முன் சக்கரத்துச் சத்தம்

"இடது முன் சக்கரத்தில் சத்தம் வருகிறது" என்று கம்பெனி வண்டியின் லாக் புத்தகத்தில் இருபத்திரண்டு நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். முதல் சில நாள் முழு வாக்கியமாக எழுதினேன். பத்தாம் நாளுக்குப் பிறகு அது "இ. மு. சத்தம்" என்று சுருங்கிவிட்டது.

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் வேன் ஓட்டும் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது அங்கே லாக் புத்தகம் கிடையாதாம். கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. வண்டியில் கோளாறு என்றால் அதில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட வேண்டும். "தொட்டுட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுதுங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். காப்பி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அவள் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் அது சாதாரணக் கேள்வி இல்லை.

நான் பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். உழவு முடிந்து வரப்பில் டிராக்டரைத் திருப்ப எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. பதினொரு வருடம் அதைச் செய்தேன். என் கணவர் அருளப்பன் அதே பகுதியில் ஒரு நிட்டிங் யூனிட்டில் பிட்டர். துணி பின்னும் மெஷின்களைப் பிரித்துச் சரி செய்வது அவர் வேலை.

செக்கிங் மேசையிலிருந்த என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தவர் வேலுச்சாமி சார். டைம் ஆபீஸ், கேட், வண்டிகள் மூன்றும் அவர் பொறுப்பு. வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார். பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தாமதமாக வருகிறவர்களிடம், "ஏனுங்க, பஸ்ஸு லேட்டுங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் சிவப்புப் பேனாவால் குறித்திருப்பார். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். யார் எதைச் சொன்னாலும், "வாயில சொன்னா காத்தோட போயிருமுங்க, எழுதிக் குடுத்துருங்க" என்பார்.

தையல் பெண்களை ஏற்றி வந்த டிரைவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். எனக்கு லைசென்ஸ் இருப்பது யார் மூலமோ தெரிந்து சார் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கம்பெனி ஆம்னி வேனில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெருமாநல்லூர் வரைக்கும் போய்வரச் சொன்னார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்குள் வந்து நிறுத்தியதும், "வழியில எத்தன ஸ்பீடு பிரேக்கருங்க?" என்றார்.

"எட்டுங்க சார்."

"ஏழுதானுங்களே."

"ஒண்ணு தேஞ்சு தரையோட தரையாப் போச்சுங்க. ஆனா வண்டிக்குத் தெரியுது."

அன்று சாவி தரவில்லை. மறுநாள் காலையில் தன் மொபெட்டில் அந்த வழியாகவே வந்திருக்கிறார். நேராக செக்கிங் பிரிவுக்கு வந்து, "எட்டுதானுங்க" என்று சொல்லி, சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் எட்டுப் பெண்களும் ஏறி உட்கார்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தரும் பேசவில்லை. நான்காம் நாள் பேச்சு வந்தது. பத்து நாள் போனதும் கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வருகிறவர்கள். எனக்கு அன்று கிடைத்த சந்தோஷம் சின்னதில்லை. அதன்பின் அவர்கள் தூங்குவதற்காகவே பள்ளம் பார்த்து ஓட்டினேன்.

வண்டியை எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ள அனுமதி இருந்தது, ஏனென்றால் காலையில் முதல் ஆளை ஏற்றுவது எங்கள் ஊரில்தான். மாதம் ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவேன். அங்கே தெற்கத்தி மாஸ்டர் ஒருவர் இருந்தார். மற்ற டிரைவர்கள் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். பொம்பளை தனியாக டீக்கடையில் உட்கார முடியாது என்பதால் நான் அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்ப்பேன். "என்னம்மா, முறைச்சி முறைச்சிப் பாக்கிய? பாரு, பாரு. நாளைக்கு ஒரு அவசரத்துக்கு ஆவும்லா" என்பார். நான்கு வருடம் அப்படிப் பார்த்தேன். பிறகு அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஒரு மழைக்காலம். சாலையெல்லாம் பெயர்ந்து கிடந்தது. எட்டுப் பேரும் ஏறிய பிறகு, இடது பக்கம் திரும்பும்போது, காலடியிலிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவது போல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காலி வண்டியில் வராது. நேர் ரோட்டில் வராது. அன்று மாலையே லாக் புத்தகத்தில் எழுதினேன். வேலுச்சாமி சார் படித்து, பக்கத்தில் நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு முறை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். மாஸ்டர் போன பிறகு அங்கே எல்லாம் அவசரம். இரண்டு முறையும் "பார்த்தாயிற்று, ஓகே" என்று சீட்டு வந்தது. நான் சீட்டோடு சார் முன்னால் போய் நின்றேன்.

"இன்னும் சத்தம் வருதுங்க சார்."

"அவிய ஓகேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களேங்க. நான் என்னங்க பண்றது? நீங்களும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

நானும் எழுதினேன். அவரும் போட்டார். முந்தைய வருடம், டயர் தேய்ந்துவிட்டது, வண்டி எடுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு டிரைவருக்குப் பதிலாக மறுநாளே வேறு ஆள் வந்ததை நான் பார்த்திருந்தேன். இப்போது சரக்கு ஏற்றுமதியாகும் ஷிப்மென்ட் நேரம் வேறு. அதனால் தினமும் எழுதுவேன். எழுதிவிட்டு ஓட்டுவேன்.

இருபத்திரண்டாம் நாள் சனிக்கிழமை. காலையில் பெருமாநல்லூரில் மெயின் ரோட்டுக்குள் திரும்புகிறேன். எதிரே நூல் ஏற்றிய லாரி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தது பிடித்தபடி இருக்க, முன் சக்கரம் தானாக இரண்டு விரல்கடை இடது பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஒரு நொடிதான். லாரி கடந்து போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தேன். எட்டுப் பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அருளப்பனைக் கூப்பிட்டேன். ஜாக்கியை எடுத்து இடது பக்கத்தைத் தூக்கினோம். அவர் கைக்கு எட்டிய இடத்தில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு அடியிலேயே ஜாக்கியை வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தோம். ஆடவே இல்லை.

"நல்லாத்தான் இருக்குது மேரி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒர்க்‌ஷாப்பிலும் ஜாக்கியை இதே இடத்தில்தான் வைத்தார்கள். அந்தக் கையை லோயர் ஆர்ம் என்பார்கள். அதன் நுனியில் ஒரு கிண்ணமும் அதற்குள் ஒரு இரும்புப் பந்தும் இருக்கும். பால் ஜாயிண்ட் எனப்படும் அந்த இணைப்புதான் சக்கரத்தைத் திரும்பவும் ஏறி இறங்கவும் விடுகிறது. ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்தால் வண்டியின் பாரமே பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து அழுத்திவிடும். தேய்ந்திருந்தாலும் தெரியாது. தெற்கத்தி மாஸ்டர் எப்போதும் பாடியின் சட்டத்துக்கு அடியில் வைத்து, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார்.

ஜாக்கியை மாற்றி வைத்தோம். ஆர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கடப்பாரையை விட்டு லேசாக நெம்பினேன். டொக். விட்டேன். டொக். அதே சத்தம். அருளப்பன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கெழம சார்கிட்டச் சொல்லு" என்றார்.

"சொன்னா எழுதிக் குடுக்கச் சொல்லுவாரு. மறுபடி அங்கதான் போகும். மறுபடி ஓகேன்னு வரும்."

"அதுக்கு? கம்பெனி வண்டிய நாம பிரிக்கறதா?"

"பிரிச்சா வேல போகும். பிரிக்கலைன்னா திங்கக்கெழம காலைல இதுல எட்டுப் பேர ஏத்தோணும். நீங்களே சொல்லுங்க."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்பேர் கடை மூடுவதற்குள் போய், இரண்டு பக்கத்துக்கும் புது ஆர்ம், ஒரு டை ராடு எண்ட், ரப்பர் புஷ்கள், போல்ட், ஸ்பிளிட் பின் எல்லாம் வாங்கி வந்தோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபக்கமும் பின்னாலேயே பழுதாகும் என்பதும் டயர் மேல் உட்கார்ந்து கேட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்து ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். அவருக்குக் கைப்பழக்கம் உண்டு, கார் தெரியாது. எனக்குக் கார் தெரியும், ஸ்பேனர் பிடித்த பழக்கமில்லை. அதனால் நான் சொல்வது, அவர் செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்கினோம். சட்டத்துக்கு அடியில் வேப்பங்கட்டைகளை அடுக்கி வண்டியை அதன்மேல் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளினேன். கட்டை சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். அருளப்பன் பனியன் வேஸ்ட் துணியை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் வைத்தார். நிட்டிங் மெஷினில் அப்படித்தான் செய்வாராம்.

டை ராடு எண்ட் என்பது ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முனை. பின்னை எடுத்து, நட்டை முழுதும் கழற்றாமல் நான்கு மரை விட்டு நிறுத்தி, பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் பட்டென்று விடும். முனையைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னேன். புதிதையும் அதே சுற்று ஏற்றினால்தான் சக்கரம் பழைய நேரில் நிற்கும். அவர் உதடு அசையாமல் எண்ணி, "இருவத்தொண்ணரை" என்றார். அந்த அரையைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை வந்தது.

அடுத்தது பால் ஜாயிண்டின் தண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட். மழைத்தண்ணீர் குடித்துத் துரு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் விட்டோம். தட்டினோம். மறுபடி ஊற்றினோம். ஸ்பேனரில் குழாயைச் சொருகி அவர் இழுத்தார். அசைவது போல் இருந்தது. அடுத்த இழுப்பில் போல்ட்டின் தலை முறிந்து அவர் காலடியில் விழுந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது.

பகல் பன்னிரண்டரை. அதைத் துளை போட்டுத்தான் எடுக்க முடியும். பக்கத்து வீதியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் கந்தசாமி அண்ணனிடம் டிரில் மெஷின் இருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். கரண்ட்தான் இல்லை. அந்த வருடம் எந்நேரமும் மின்வெட்டு. "நாலு மணிக்கு வந்துருமுங்க, வந்தா" என்றார்.

காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல், ஆர்மின் மறுமுனையைக் கழற்றி வைக்கலாம் என்று கடப்பாரையால் அதைக் கீழ்நோக்கி அழுத்தினேன். பெரிய பலமெல்லாம் போடவில்லை. ஆர்ம் கையோடு வந்துவிட்டது. தண்டும் பந்தும் சக்கரத்துப் பக்கம் அப்படியே நிற்க, கிண்ணம் மட்டும் பந்தை விட்டுக் கழன்று வந்திருந்தது. கிண்ணத்தின் விளிம்பு காகிதம் போல் தேய்ந்து கிடந்தது.

அருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உள்ளாற நீயும் இருந்தீல்ல" என்றார்.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. இனி என்னிடம் கேட்க எதுவும் இல்லை, அது அவர் வேலை. மெஷினில் முறிந்துபோன ஸ்குரூவை எடுப்பது அவருக்குத் தினப்படி. முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, நடுவில் ஒரு புள்ளி குத்தி, முதலில் சின்ன பிட், பிறகு ஒரு அளவு கூட, பிறகு இன்னும் கூட. அவசரப்படவே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி எண்ணெய் விட்டார். கடைசியில் மெலிந்துபோன கூட்டைத் தட்டி வெளியே தள்ளினார். துளையில் ஒரு கீறல் கிடையாது.

புது ஆர்மை மாட்டி, புது போல்ட்டைப் போட்டோம். பழைய போல்ட்டை நம்பாதே என்று மாஸ்டர் சொல்வார், நம்புவதற்கு எங்களிடம் பழையது இருக்கவும் இல்லை. உள்பக்கத்து ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை அவர் முழுதாக முறுக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

"இப்ப முறுக்காதீங்க."

"ஏன்?"

"சக்கரம் தொங்கிட்டிருக்குது. இந்த நெலமைல இறுக்கினா, வண்டி கீழ எறங்கறப்ப ரப்பரு முறுக்கிட்டு நிக்கும். ஆறு மாசத்துல கிழிஞ்சுரும். தரைல எறக்கி, பாரம் ஏறினப்பறம்தான் கடைசி முறுக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரிங்க மேஸ்திரி" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அது ஒருமுறைதான்.

வலது பக்கம் முரண்டு பிடிக்கவில்லை. ஏழு மணிக்கு வண்டி தரையில் நின்றது. கடைசி முறுக்கு முறுக்கி, கந்தசாமி அண்ணன் பட்டறையிலிருந்து இரும்புத் துண்டு மூட்டைகளை ஏற்றி மெயின் ரோடு வரை ஓட்டினேன். இடது பக்கம் மூன்று முறை திருப்பினேன். சத்தம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் எட்டுப் பேரும் ஏறினார்கள், தூங்கினார்கள். கேட்டில் அவர்களை இறக்கிவிட்டு, பழைய ஆர்மையும் பந்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டைம் ஆபீசுக்குப் போனேன். வேலுச்சாமி சார் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் ஆர்மை ஒரு கையிலும் பந்தை மறு கையிலும் எடுத்தார். பந்தைக் கிண்ணத்தில் வைத்துத் திருப்பினார். பந்து மேசையில் விழுந்து உருண்டது. பிடித்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தார்.

"யாரக் கேட்டுப் பிரிச்சீங்க?"

"யாரையும் கேக்கலீங்க சார்."

லாக் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் என் வரி, அதன் பக்கத்தில் அவர் கையெழுத்து. முதல் நாள் வரை போய் நிறுத்தினார்.

"இருபத்திரண்டு நாள் எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"இருபத்திரண்டு நாளும் ஓட்டியும் இருக்கீங்களே. ஏனுங்க?"

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பஸ் தாமதமா என்று கேட்கிற அதே குரல். பிரித்ததற்கு என்ன சொல்வது என்று நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஓட்டியதற்கு யோசிக்கவில்லை. நீங்களும் கையெழுத்துப் போட்டீர்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்வதற்குள் அவரே சொன்னார்.

"நானும் இருபத்திரண்டு கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க. ஒரு நாளும் ஏறி உட்காந்து பாக்கல."

இரண்டு வெள்ளைத் தாளை எடுத்தார். ஒன்றில் எனக்கு மெமோ எழுதினார், அனுமதியில்லாமல் கம்பெனி வண்டியைப் பிரித்தது, பழுது தெரிந்தும் ஆள் ஏற்றி ஓட்டியது என்று இரண்டு குற்றம். இன்னொன்றை எழுதி முடிக்க அதிக நேரம் ஆனது. அது அவருக்கு அவரே எழுதிக்கொண்டது. "ரெண்டையும் முதலாளிக்கு அனுப்பறேனுங்க. நீங்க பதில் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

அந்தப் பதிலை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டில் ஒர்க்‌ஷாப், ஷிப்மென்ட், மழை எல்லாம் வந்தன. கிழித்துப் போட்டேன். மூன்றாவதில், "வேலை போய்விடும் என்ற பயத்தில் ஓட்டினேன். எழுதிவிட்டதால் என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு" என்று மட்டும் எழுதினேன்.

முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் எச்சரிக்கை கொடுத்தார். வேலை தப்பியது. வேலுச்சாமி சாருக்கு அவர் சர்வீஸில் அதுதான் முதல் எச்சரிக்கை. இரண்டு நகல்களையும் அவரே பைலில் கோர்த்தார். ஒர்க்‌ஷாப்பை மாற்றினார்கள். அதன்பின் எந்த டிரைவர் சத்தம் என்று எழுதினாலும், சார் பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வண்டியில் போய் ஏறி உட்காருவார்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது, வண்டியில் வருகிற பெண்களிடம் சொல்வது. அருளப்பன் தடுத்தார். "இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே. அவியகிட்டச் சொல்லித்தான் ஆகோணுமா?"

"தூங்கிட்டு வந்தாங்களேங்க" என்றேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கடைசி ஸ்டாப்பில் வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னேன். சாரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய ஆர்மைக் காட்டினேன். எத்தனை நாள் இதோடு ஓட்டினேன் என்பதையும், எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். வர இஷ்டமில்லாதவர்கள் பஸ்ஸில் வரலாம், நான் கம்பெனியில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அந்த இரும்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒவ்வொருவராக ஏறினார்கள்.

திலகா மட்டும் ஏறவில்லை. ஓவர்லாக் மெஷினில் தைப்பவள், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. "நான் பஸ்ஸுலயே வந்துக்கறேனுங்கக்கா" என்றாள். கோபமில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அன்று வண்டியில் ஒருத்தரும் தூங்கவில்லை. அதன் பிறகும் பல நாள் தூங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பிரேக் மிதித்தால் தரை வரை இறங்கியது. நான் வண்டியை எடுக்கவில்லை. பஸ் ஏறி வந்து சாவியை வேலுச்சாமி சார் மேசையில் வைத்தேன். "பிரேக் இல்லீங்க சார். ஓட்ட மாட்டேன். மெமோ குடுக்கறதுன்னா குடுங்க." அவர் சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். ஏழு பெண்களும் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அவர் கேட்டில் நின்று ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக நீலப் பேனாவால் எழுதினார். சிவப்பை எடுக்கவே இல்லை.

திலகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து வந்த முதல் நாள், கடைசி ஸ்டாப்பில் மற்றவர்களோடு நின்றிருந்தாள். பஸ்ஸுக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன். மற்றவர்கள் ஏறிய பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"பிரேக் இல்லைன்னு சாவியத் திருப்பிக் குடுத்தீங்களாமா?"

"ஆமா கண்ணு."

"இப்ப சத்தம் கித்தம் ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?"

"இல்ல."

"இருந்தாச் சொல்லுவீங்களா?"

"சொல்றது என்ன, வண்டியவே எடுக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் அவள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி, ராத்திரியெல்லாம் கண் விழித்திருப்பாள். நான் கியரைக் குறைத்து, அந்தத் தேய்ந்த ஸ்பீடு பிரேக்கரில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினேன்.